சுரைக்குடுக்கைக் கன்று

முன்னொரு காலத்தில், ஆற்றின் குறுக்கே பாலம் கட்டலாம் என்பதே யாருக்கும் தோன்றாத காலத்தில், செம்பாறை நாடு என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அந்த நாட்டின் நடுவில் ஓர் ஆறு. அந்த ஆற்றில் பரிசல் ஓட்டிக்கொண்டிருந்தான் சடையன்.

சடையனுக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வரும். வெயில் அடித்தால் கோபம். மழை பெய்தால் கோபம். இரண்டும் இல்லாமல் மப்பும் மந்தாரமுமாக இருந்தால் அதற்கும் கோபம். அவன் வாய்க்குப் பயந்தே யாரும் அவனுக்குப் பெண் கொடுக்கவில்லை. ஆற்றங்கரைக் குடிசையில் தானே பொங்கி, தானே தின்று, தன்னையே திட்டிக்கொண்டு காலம் தள்ளினான்.

எல்லாவற்றையும் விட நடு ஆற்றில் கிடந்த மூன்று பாறைகள்மேல்தான் அவனுக்குக் கோபம் அதிகம். ஒன்று குட்டை, ஒன்று கோணல், ஒன்று சாய்ந்து உட்கார்ந்த மாதிரி வழுவழுவென்று இருக்கும். குட்டையன், கோணையன், சாய்மானம் என்று அவற்றுக்குப் பெயரே வைத்துவிட்டான். தினமும் பரிசல் அவற்றில் இடிக்கும். தினமும் சடையன் கத்துவான்:

"கொஞ்சம் தள்ளிப் படுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

பாறைகள் என்ன பதில் சொல்லும்? பேசாமல் கிடந்தன. ஆனாலும் மத்தியானம் ஆனால் சடையன் பரிசலைச் சாய்மானத்தில் கட்டிப் போட்டு, அதன்மேல் சாய்ந்துகொண்டுதான் கூழ் குடிப்பான். குடித்துக்கொண்டே அன்றைக்கு நடந்ததையெல்லாம் அதனிடம் ஒப்பிப்பான். திட்டுவதற்கு மூன்று பாறை இருந்தது, பேசுவதற்கு இந்த ஒரு பாறைதான் இருந்தது.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஆற்றில் வைக்கோல் போர் வந்தது. யார் வீட்டுக் கதவோ வந்தது. பிறகு ஒரு கன்றுக்குட்டி வந்தது. பிறந்த ஈரம்கூடக் காயாத கன்று. செவலை நிறம், இடது காது மட்டும் வெள்ளை. அது சுழன்று சுழன்று வந்து சாய்மானத்தின் மடியில் ஒதுங்கியது. சடையன் வெள்ளத்தைத் திட்டினான், மழையைத் திட்டினான், திட்டிக்கொண்டே பரிசலைத் தள்ளிக்கொண்டு போய்க் கன்றைத் தூக்கி வந்துவிட்டான்.

கொண்டு வந்தாயிற்று. இனி என்ன செய்வது? கன்றால் நிற்க முடியவில்லை. உடம்பெல்லாம் நடுக்கம். அக்கரைக்குப் பால் கொண்டுபோகும் ஆண்டிச்சி அந்த நேரம் பார்த்துக் குடத்தோடு வந்தாள்.

"என்னண்ணே, பச்சைக் கன்னை இப்படிப் போட்டு வேடிக்கை பாக்கறே? கோணிச்சாக்கு இருந்தா எடுத்து அழுத்தித் தேய்ச்சு விடு. தாய் நக்கி விட்டாத்தான் கன்னு எந்திரிக்கும். ஆத்தாக்காரி நாக்கு அப்படித்தான் சொரசொரன்னு இருக்கும்."

சடையன் தேய்த்தான். முதுகைத் தேய்த்தான், வயிற்றைத் தேய்த்தான், வெள்ளைக் காதைத் தேய்த்தான். கன்று ஒரு தும்மல் போட்டது. நாலு காலும் நாலு திசைக்குப் போக, எப்படியோ எழுந்து நின்றது.

ஆண்டிச்சி ஒரு குவளை பால் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். சடையன் முதலில் அகப்பையில் எடுத்து வாயில் ஊற்றிப் பார்த்தான். பாதி மூக்கில் போய், கன்று இருமியது. சடையனுக்குக் கோபம் வந்தது. அடுத்து கொட்டாங்குச்சியில் வைத்து முகத்தை உள்ளே அமுக்கினான். கன்று உள்ளே மூச்சு விட்டுக் குமிழி கிளப்பியது. சடையனுக்கு இன்னும் கோபம் வந்தது. மூன்றாவதாக, கூரையில் தொங்கிய காய்ந்த சுரைக்குடுக்கையை எடுத்தான். அதில் பாலை ஊற்றினான். வேட்டி நுனியைக் கிழித்துச் சுருட்டி, அதன் வாயில் காம்பு மாதிரி செருகினான். தன் விரலைப் பாலில் நனைத்துக் கன்றின் வாயில் வைத்தான். அது விரலைச் சப்பியது. சப்பச் சப்ப விரலை மெதுவாக உருவிக்கொண்டு துணிக்காம்பை உள்ளே தள்ளினான்.

கன்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. வால் பம்பரமாகச் சுற்றியது. கடைவாயில் நுரை தள்ளியது.

"குடி தாயி, குடி" என்றான் சடையன். இப்படி ஒரு குரல் தன்னிடம் இருப்பது அவனுக்கே அன்றுதான் தெரியும்.

அன்றிலிருந்து ஆற்றில் புதுச் சட்டம் வந்தது. பால் கொண்டு வருகிறவர்கள் கூலியாக ஒரு குவளை பால் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் கன்றுக்கு ஒரு கை புல் கொண்டு வர வேண்டும். ஜனங்கள் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். சடையன் சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் பரிசல் ஓட்டினான். கன்றும் பரிசலில் நின்றுகொண்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் போய் வந்தது. பசித்தால் அவன் இடுப்பில் முட்டும். பால் குறைந்தால் இன்னும் பலமாக முட்டும். அவன் இடுப்பு கன்றிப்போயிருந்தது. அந்தக் காயத்தை ஊரெல்லாம் காட்டிக் காட்டிப் பெருமையடித்தான்.

"குடுக்கை" என்றே அதற்குப் பெயர் வைத்தான். பால் குடித்து முடித்ததும் கோணிச்சாக்கால் தேய்த்து விடுவான். அது கழுத்தை நீட்டிக் காட்டும். வெயில் அடித்தது, சடையன் திட்டவில்லை. மழை பெய்தது, திட்டவில்லை. பரிசல் பாறையில் இடித்தபோது மட்டும் பழக்க தோஷத்தில் கத்தினான்: "கொஞ்சம் தள்ளிப் படுத்தா குறைஞ்சா போயிடுவீங்க? கன்னு பயப்படுதில்ல?"

இப்படி ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. மார்கழிப் பனியில் ஒரு காலை, நெட்டையாக ஒருவன் பரிசல் துறைக்கு வந்தான். கையில் ஒரு செப்புக் குடம். விரல் நகங்கள் ஒவ்வொன்றும் முருங்கைக்காய் நீளம். அவன்தான் நெடுநகன் என்ற மந்திரவாதி.

அவன் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கேளுங்கள். ஆற்றின் மேல்பக்கம், மலையடிவாரத்தில் ஒரு கொட்டகையில் அவன் ஒரு பசுவைக் கட்டி வைத்திருந்தான். சாதாரணப் பசு இல்லை, மாயப் பசு. அதன் பாலில் ஒரு மிடறு குடித்தால் ஒரு மந்திரம் பலிக்கும். ஆனால் எந்தப் பசுவும் கன்று வாய் வைக்காமல் பால் சுரக்காது அல்லவா? அதனால் கன்றை அவிழ்த்துவிடுவான், அது ஒரு வாய் சப்பிப் பால் இறங்கியதும் வெடுக்கென்று இழுத்துக் கட்டிவிடுவான். மிச்சமெல்லாம் அவன் குடத்துக்கு. கன்றின் பங்கைத் திருடித் திருடித்தான் அவன் மந்திரமெல்லாம் நடந்தது. பட்டினி கிடந்தே ஒவ்வொரு கன்றும் செத்தது. இந்த முறை கன்று பிறந்த உடனே, வெள்ளத்தில் வேலி சரிந்த நேரம் பார்த்து, பசுவே அதை மூக்கால் தள்ளி ஆற்றில் விட்டுவிட்டது. இவனிடம் வளர்வதை விட ஆற்றோடு போவது மேல் என்று நினைத்ததோ என்னவோ, பாவம். அதற்குப் பிறகு மடியில் சொட்டுப் பால் இறங்கவில்லை. நெடுநகன் குடத்தில் இரண்டே மிடறுதான் மிச்சம்.

அவன் வெள்ளைக் காதைப் பார்த்ததும் பல்லை இளித்தான். "இது என் மாட்டுக் கன்னு. கொடு."

"ஆத்துல விடும்போது தெரியலையா உன் கன்னுன்னு?" என்றான் சடையன்.

நெடுநகன் கயிற்றைப் போட்டு இழுத்தான். கன்று நடுத்துறையில் படுத்துக்கொண்டது. பச்சைப் புல்லைக் காட்டி அழைத்தான். கன்று புல்லை வாங்கித் தின்றது, ஆளோடு போகவில்லை. அவனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. குடத்திலிருந்து ஒரு மிடறு குடித்தான். அவ்வளவுதான், சடையன் மாதிரியே ஆகிவிட்டான்! அதே மூக்கு, அதே கிழிந்த வேட்டி, அதே குரல். "வா தாயி, வா" என்றான். கன்று துள்ளிக்கொண்டு ஓடி அவன் இடுப்பில் முட்டியது. அங்கே சுரைக்குடுக்கை இல்லை. முகர்ந்து பார்த்தது. திரும்பி வந்து உண்மையான சடையனின் இடுப்பில் முட்டியது.

நெடுநகனின் வேஷம் கலைந்தது. ஆனால் அவன் சிரித்தான்.

"பார்த்தியாடா? அது உன்னைத் தேடி வரலை. குடுக்கையைத் தேடித்தான் வந்துது. பாலுக்காக ஒட்டிக்கிட்டுத் திரியற மாட்டை மகள்னு நெனைச்சுக் கொஞ்சிட்டிருக்கே. இதோட ஆத்தாக்காரி அங்க கொட்டகையில கத்திக் கத்தித் தொண்டை கட்டிக் கிடக்கறா, தெரியுமா?"

சடையனுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் ஆச்சரியம். அப்போ நான் வெறும் குடுக்கைதானா? இருக்கட்டும். ஆனால் தாய் உயிரோடு இருக்கிறதா? தாய் இல்லாத கன்று என்றுதானே இத்தனை நாளும் வளர்த்தேன்? தாய் கத்திக்கொண்டு கிடக்கும்போது நான் எப்படிப் பிடித்து வைத்துக்கொள்வது?

"வா, நானே கொண்டாந்து விடறேன்" என்றான்.

பரிசலில் ஏறினார்கள். பாறைகளைத் தாண்டும்போது அன்றைக்குச் சடையன் எதுவும் கத்தவில்லை. சாய்மானத்தை மட்டும் ஒரு தடவை கையால் தொட்டுவிட்டுப் போனான்.

கொட்டகையில் பசு நின்றது. எலும்பும் தோலுமாக இருந்தது. கன்று ஆற்றோடு போனதிலிருந்து, கருப்புக் கயிறு ஒன்று அதன் கழுத்தை முளையோடு ஒட்டிக் கட்டியிருந்தது. தலையை ஒரு சாண் திருப்ப வழியில்லை. மடியில் நகக் கீறல்கள். கன்றின் வாசனை பட்டதும் பசுவின் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. கன்றுக்கோ ஒன்றும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து குடுக்கையில் குடித்த கன்றுக்கு மடி என்றால் என்ன தெரியும்? சடையன் இடுப்பிலேயே முட்டிக்கொண்டு நின்றது.

"குடிக்க வைடா!" என்று நெடுநகன் உறுமினான். "பால் இறங்கினதும் கன்னை இழுத்துடு. குடத்துல ஒரு மிடறு இருக்கு. மறந்துடாதே. அதைக் குடிச்சேன்னா நீ பாறை."

ஆண்டிச்சி சொன்னது சடையனுக்கு ஞாபகம் வந்தது. "நக்கி விட்டாத்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் பழக்கம் வரும். இவ்வளவு ஒட்டிக் கட்டினா எப்படித் திரும்பி நக்கும்? கயித்தை அவுரு" என்றான் நெடுநகனிடம்.

"அவுக்க மாட்டேன்."

"அப்போ பால் வராது."

"தளர்த்தி விடறேன்."

"வராதுன்னா வராது. அவுரு!"

நெடுநகன் முணுமுணுத்துக்கொண்டே நீண்ட நகங்களால் முடிச்சைப் பிடுங்கிப் பிடுங்கி அவிழ்த்தான். கயிறு கீழே விழுந்தது. பசு மெல்லத் திரும்பியது. கன்றின் முதுகை நக்கியது, வயிற்றை நக்கியது, வெள்ளைக் காதை நக்கியது. கன்று திடுக்கிட்டுப் பார்த்தது. இது சடையனின் கோணிச்சாக்கு மாதிரியே இருக்கிறதே! கழுத்தை நீட்டிக் காட்டியது.

சடையன் குடுக்கையை இடுப்பிலிருந்து அவிழ்த்தான். மடிக்குப் பக்கத்தில் பிடித்தான். கன்று துணிக்காம்பைச் சப்ப ஆரம்பித்தது. முதல் நாள் செய்தது போலவே, அது சப்பச் சப்பத் துணியை மெதுவாக உருவிவிட்டு, பசுவின் காம்பை அதன் வாய்க்குள் தள்ளினான். பிறகு குடுக்கையைத் தூர எறிந்தான். இனி அது தேவையில்லை, தானும் தேவையில்லை என்று நினைத்தபோது அவன் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை.

கன்று ஒரு முட்டு முட்டியது. பால் இறங்கியது. வால் பம்பரமாகச் சுற்றியது.

"போதும், இழு!" என்று கத்தினான் நெடுநகன்.

கன்றின் கழுத்துக் கயிறு சடையன் கையில்தான் இருந்தது. அந்தக் கை அசையவில்லை. "குடிக்கட்டும்" என்றான்.

நெடுநகன் கன்றைப் பிடிக்கப் பாய்ந்தான். பசு கொம்பைத் தாழ்த்தியது. அவன் பின்வாங்கிக் குடத்தைத் தூக்கிக் கடைசி மிடறைக் குடித்தான். நகத்தை நீட்டி மந்திரம் சொன்னான். சடையனின் முழங்கால் வரை கல்லாயிற்று.

"இழுடா!"

"குடிக்கட்டும்."

இடுப்பு வரை கல்லாயிற்று. கன்று மறுபக்கக் காம்புக்குத் தாவியது.

"இழுக்கறியா, இல்லையா?"

சடையன் கீழே குனிந்து பார்த்தான். கன்றின் கடைவாயில் நுரை. வயிறு இப்போதுதான் உருண்டு வருகிறது. "குடி தாயி, குடி" என்றான். கழுத்து வரை கல்லாயிற்று. அந்தச் சொல்லோடு வாயும் கல்லாயிற்று. கண் மட்டும் மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு கன்று குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கன்று குடித்து முடித்தது. ஒரு பெருமூச்சு விட்டது. வயிறு தம்பட்டமாக இருந்தது, இதற்கு மேல் ஒரு சொட்டுகூட இறங்காது. தலையைத் தூக்கிப் பார்த்தது. தாயைப் பார்த்தது. பிறகு நாலு எட்டு வைத்துக் கல்லாக நின்ற சடையனிடம் வந்தது. அவன் இடுப்பில் குடுக்கை இல்லை. முகர்ந்து பார்த்தது. இல்லைதான். இருந்தாலும், எப்போதும் முட்டும் அதே இடத்தில், செல்லமாக ஒரு முட்டு முட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

பாலுக்காக இல்லை என்பது சடையனுக்குத் தெரிந்துவிட்டது. கல்லுக்குள் இருந்தபடியே அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

கல் விரிசல் விட்டது. படபடவென்று ஓடு மாதிரி உடைந்து கொட்டியது. திருடிய பாலில் நடந்த மந்திரம், கன்றின் வயிறு நிறைந்ததும் அற்றுப்போய்விட்டது. கருப்புக் கயிறு சாம்பலாயிற்று. செப்புக் குடம் ஓட்டையாயிற்று. நெடுநகன் கையைக் கையை ஆட்டிப் பார்த்தான், ஒரு ஈ கூட மயங்கவில்லை. பசு ஓர் அடி முன்னால் வைத்ததும் எடுத்தான் பாருங்கள் ஓட்டம்! பிற்காலத்தில் எங்கோ ஒரு சந்தையில், நகம் வெட்டிவிடச் சொல்லி அவன் கெஞ்சிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

போகும்போது மாயம் கடைசியாக ஒரு வேலை செய்தது. பசு வாய் திறந்து பேசியது.

"என் பிள்ளையை நக்கிவிட்டது யாரு?"

"நாந்தான் ஆத்தா. சாக்கு வெச்சு" என்றான் சடையன். "உன் பிள்ளையை உங்கிட்ட சேத்துட்டேன். வாறேன்."

"நில்லு. நான் எங்கே போறதுன்னு நீ சொல்லாதே, நானும் சொல்லலை. அவ எங்கே போறாளோ அங்கே நான் வாறேன்."

அதற்குப் பிறகு அது பேசவே இல்லை. "ம்மா" என்று மட்டும்தான் சொன்னது.

சடையன் துறைக்கு நடந்தான். கன்று அவன் பின்னால் நடந்தது. பசு கன்றின் பின்னால் நடந்தது. கன்று வழக்கம்போலப் பரிசலில் தாவி ஏறிக்கொண்டது. பசுவுக்கு இடம் இல்லை. அது ஆற்றில் இறங்கிப் பரிசல் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு, கன்றை நக்கிக்கொண்டே நீந்தி வந்தது.

நடு ஆற்றுக்கு வந்தபோது சடையன் பழக்கத்தில் வாயைத் திறந்தான். பாறைகளைக் காணவில்லை! கரையில் மூன்று பேர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார்கள். குட்டையாக ஒரு தவில்காரர், தோளில் தவில். உடம்பைக் கோணிக்கொண்டு ஓர் இளைஞன், தலையில் பட்டுத் தலைப்பாகை. மூன்றாவதாக, வளையல் கூடையோடு ஒரு பெண். நெடுநகன் கல்லாக்கி ஆற்றில் போட்டவர்கள்.

"கொஞ்சம் தள்ளிப் படுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று பரிசல் கரை சேர்ந்ததும் கேட்டார் தவில்காரர். "தினமும் கேட்டியே தம்பி, காது புளிச்சுப்போச்சு!"

சடையன் வெட்கத்தில் துடுப்பைக் கீழே போட்டுவிட்டான். இளைஞன் சிரித்தான். அவன் வேறு யாருமில்லை, வேட்டைக்குப் போய்த் திரும்பாத அந்த நாட்டு இளவரசன்தான். "என்ன வேண்டும், கேள்" என்றான்.

சடையன் யோசித்தான். ஆற்றில் நிற்கும் பசுவைப் பார்த்தான். "மாடு ஏறுற மாதிரி பெருசா ஒரு பரிசல் கிடைக்குமா, சாமி?"

கிடைத்தது. நாட்டிலேயே அவ்வளவு பெரிய பரிசல் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வளையல்காரியின் பெயர் செங்கமலம். "இந்த நகத்தோட இருந்தா எந்த வளையலும் கைக்குள்ள போகாதுய்யா" என்று நெடுநகனைப் பார்த்துச் சிரித்ததற்காகத்தான் அவள் கல்லானாள். அவள் கன்றின் வெள்ளைக் காதைத் தடவிக் கொடுத்தாள்.

"அன்னிக்கு வெள்ளத்துல இவளை விடாம மடியில தாங்கினது நாந்தான். அசைய முடியலை, தாங்க முடிஞ்சுது" என்றாள். பிறகு சடையனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ தினமும் எம்மேல சாஞ்சுக்கிட்டுக் கூழு குடிச்சு, ஊர்க்கதையெல்லாம் சொன்னே. உன் கோபமும் தெரியும், இவ வந்தப்பறம் உனக்கு வந்த கொஞ்சலும் தெரியும். இனி எனக்குத் தெரியாதது உங்கிட்ட ஒண்ணுமில்லை."

"அப்போ… இனிமே யார்கிட்ட பேசறது?" என்று திக்கித் திணறிக் கேட்டான் சடையன்.

"எங்கிட்டயே பேசு. இனிமே நானும் பதில் சொல்லுவேன்ல?"

தை பிறந்ததும் கல்யாணம் நடந்தது. தவில்காரர் மூச்சு முட்ட முழக்கினார். பந்தியில் ஊருக்கெல்லாம் பாயசம். பசுவின் பாலில் மந்திரம் எதுவும் இப்போது இல்லை, வெறும் பால்தான். கன்று குடித்தது போக மிச்சத்தைத்தான் கறந்தார்கள். மாப்பிள்ளை தாலி கட்டக் கையைத் தூக்கிய நேரத்தில், குடுக்கை கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவன் பட்டு வேட்டி இடுப்பில் ஒரு முட்டு முட்டியது. மணமகள் சிரித்தாள். மாப்பிள்ளைக்குக் கோபம் வரவே இல்லை.

பெரிய பரிசல் கரை தட்டிவிட்டது, கதையும் தட்டிவிட்டது. ஒவ்வொருவராகப் பார்த்து இறங்குங்கள், கன்றுக்கு வழி விட்டு.